அறுவடை முடியும் வரைக்கும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், புளூ ரிட்ஜ் மலைத்தொடரின் முதுகில் நீண்டு கிடக்கிறது ஷெனண்டோவா தேசியப் பூங்கா. தலைநகர் வாஷிங்டனிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்தான். அக்டோபரில் ஓக், ஹிக்கரி, மேப்பிள் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக மாறும்போது கூட்டம் அள்ளும். காலையில் ஏறி, சாயங்காலம் இறங்கி, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். மனிதக் கை படாத காட்டில் ஒரு நாள் நடந்துவிட்டு வந்த நிறைவு கிடைக்கும்.

ஆனால் அந்தக் காட்டில் மனிதக் கை படாத இடங்கள் குறைவு. பாதையோரம் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வீடே இல்லாமல் ஒற்றையாக நிற்கும் கல் புகைபோக்கி தெரியும். மரங்களுக்கு நடுவே வரிசையாக அடுக்கிய கல்வேலி ஓடும். இலைச்சருகுக்குள் பாதி மூழ்கிய கல்லறைகள் கிடக்கும். நாம் நடக்கிற பாதைகளில் பல, ஒருகாலத்தில் பள்ளிக்கும் மாவு ஆலைக்கும் தேவாலயத்துக்கும் போன ஊர்ப்பாதைகள்.

இங்கே ‘ஹாலோ’ என்று சொல்லப்படும் மலையிடுக்குகளில் தலைமுறைகளாகக் குடும்பங்கள் வாழ்ந்தன. சோளம், ஆப்பிள், பன்றி வளர்ப்பு, கொஞ்சம் மரவேலை. எல்லாவற்றுக்கும் மேலே செஸ்ட்நட் மரம். இலையுதிர்காலம் என்றால் அவர்களுக்குக் கொட்டை பொறுக்கும் காலம். பன்றிகள் தின்று கொழுத்தது போக, மீதியைக் கடையில் கொடுத்துக் குழந்தைகளுக்குச் செருப்பும் துணியும் வாங்குவார்கள். 1904இல் நியூயார்க் விலங்குக்காட்சி சாலையில் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய் இந்த மலைகளுக்கும் பரவியது. 1930களுக்குள் செஸ்ட்நட் காடு கிட்டத்தட்ட முழுசாகச் செத்துப்போனது. பாதி வாழ்வாதாரம் அதோடு போயாச்சு.

மீதிப் பாதியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1926இல் பூங்காவுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி தந்தது. ஆனால் நிலத்தை மாநில அரசுதான் வாங்கித் தர வேண்டும் என்பது நிபந்தனை. ஒவ்வொருவரிடமும் பேரம் பேசிக் கட்டுப்படியாகாது என்று, 1928இல் மொத்தமாகக் கையகப்படுத்த வர்ஜீனியா தனிச்சட்டமே போட்டது. நிலப்பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு ஏதோ ஒரு தொகை கிடைத்தது. குத்தகைக்கு இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை.

இதற்கு ஒரு நியாயமும் தேவைப்பட்டது. 1933இல் வெளியான ‘ஹாலோ ஃபோக்’ என்ற புத்தகம், இந்த மக்களை வெளியுலகமே தெரியாத பின்தங்கியவர்களாகச் சித்திரித்தது. இப்படிப்பட்டவர்களை வெளியேற்றுவதே அவர்களுக்குச் செய்யும் உபகாரம் என்று பேச வசதியாகிவிட்டது. பல ஆண்டுகள் கழித்து 1990களில் தொல்லியலாளர்கள் அதே இடங்களை ஆராய்ந்தபோது கிடைத்தவை என்ன தெரியுமா? இசைத்தட்டுத் துண்டுகள், கடையில் வாங்கிய பொம்மைகள், கார் பாகங்கள்!

1935 அக்டோபரில், வெளியேற மறுத்த மெலாங்டன் கிளைசர் என்பவரைக் கைவிலங்கிட்டு இழுத்துப் போனார்கள். அவர் அமெரிக்கத் தேசியகீதத்தைப் பாடினார். அதே டிசம்பரில் பூங்கா முறைப்படி உருவானது. வேலையில்லாத இளைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் தொடங்கிய முகாம்களில் இருந்தவர்கள் பாதை அமைத்தார்கள், மரம் நட்டார்கள். காலியான வீடுகளில் பலவற்றை இடித்தார்கள்.

பூங்காவே வந்திருக்கக் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. ஏறக்குறைய இல்லாமல் போயிருந்த மானும் கரடியும் மறுபடி பெருகியது பூங்கா வந்த பிறகுதான். அந்த லாபத்துக்கான விலையைக் கொடுத்தது யார் என்பதுதான் கேள்வி.

வெளியேறக் காத்திருந்த குடும்பங்கள் பூங்கா அதிகாரிகளுக்கு எழுதிய சுமார் 300 கடிதங்கள் ஆவணக் காப்பகத்தில் இருந்திருக்கின்றன. பெரிய முழக்கம் எதுவும் அவற்றில் கிடையாது. பக்கத்துக் காலி வீட்டின் ஜன்னலையும் கதவையும் கழற்றிக்கொள்ளலாமா? விழுந்து கிடக்கும் மரத்தை விறகுக்கு எடுத்துக்கொள்ளலாமா? விதைத்ததை அறுக்கும் வரைக்கும் இருந்துவிட்டுப் போகலாமா? சொந்த மலையில் இதற்கெல்லாம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

முதியவர்கள் சிலரை மட்டும் சாகும்வரை இருக்க விட்டார்கள். அவர்களில் கடைசி மனுஷி இறந்தது 1979இல்.

இன்று பூங்காவைச் சுற்றியுள்ள மாவட்டங்களில், வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பெயர்களைத் தாங்கிய நினைவுச்சின்னங்கள் எழுந்திருக்கின்றன. அவற்றை ஒரு புகைபோக்கியின் வடிவத்திலேயே கட்டியிருக்கிறார்கள். உள்ளே காட்டில் மிச்சமிருப்பதும் அதுதானே. பல சரிவுகளில் இன்று நாம் படமெடுக்கும் அந்த மஞ்சள் சிவப்புக் காட்டுக்கு வயது தொண்ணூறுதான். அதற்கு முன் அங்கே சோளம் விளைந்தது.