அமுக்குவான் பேய் போன வழி

நள்ளிரவில் விழிப்பு வருகிறது. கண் திறந்திருக்கிறது, கை கால் அசையவில்லை. கத்த நினைத்தால் குரல் எழும்பவில்லை. நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த பாரம். ஓரிரு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது.

நம் பாட்டிமார் இதை 'அமுக்குவான் பேய்' என்றார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கள் 'ஹந்து திண்டே' என்பார்கள். திண்டே என்றால் மேலே ஏறி அமுக்குவது. மொழி வேறு, பேய் ஒன்றுதான்! ஹென்றி ஃபியூசெலி 1781-இல் லண்டனில் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்திலும், தூங்கும் பெண்ணின் நெஞ்சில் ஒரு குட்டிச்சாத்தான் குந்தியிருக்கிறது.

இந்தப் பேயை விரட்டியது மந்திரவாதி அல்ல, சிக்காகோ பல்கலைக்கழகம். தூக்கத்தில் கண்மணிகள் வேகமாக அசையும் ஒரு கட்டம் உண்டு என்று அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953-இல் அறிவித்தார்கள். கனவுகள் அதிகம் வருவது அப்போதுதான். அந்நேரம் மூளை கை கால்களுக்குப் பூட்டுப் போட்டுவிடும். இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவர் கட்டிலை விட்டே ஓடுவார். பூட்டுத் திறக்குமுன் மனம் விழித்துக்கொண்டால், அதுதான் அமுக்குவான். மூச்சு நிற்பதில்லை. நேரங்கெட்ட தூக்கமும் மாறி மாறி வரும் ஷிப்டு வேலையும் இதை அதிகமாக்கும்.

பெரும்பாலோருக்குக் கதை இத்தோடு முடிந்துவிடும். சிலருக்கோ இது நார்கோலெப்சி என்ற நோயின் ஓர் அடையாளம். அந்தப் பெயரை 1880-இல் சூட்டியவர் பிரெஞ்சு டாக்டர் ஜெலினோ. அவரிடம் வந்த ஒயின் பீப்பாய் வியாபாரி ஒரு நாளில் 200 தடவை வரை தூங்கி விழுந்தாராம். வாய்விட்டுச் சிரித்தால் கால்கள் துவண்டுவிடும். இரவுப் பூட்டு பகலிலேயே விழுந்துவிடுகிறது!

காரணம் தெரிய இன்னும் 120 ஆண்டுகள் பிடித்தன. விழிப்பைத் தாங்கும் ஹைப்போகிரெட்டின் என்ற ரசாயனத்தை 1998-இல் கண்டார்கள். இறந்துபோன நோயாளிகளின் மூளையை ஆராய்ந்தபோது, அதைச் சுரக்கும் அணுக்களில் 85 முதல் 95 விழுக்காடு அழிந்திருந்தது 2000-இல் தெரிந்தது. ஆக, இது சோம்பேறித்தனம் அல்ல.

விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டிய தோட்டக் காலத்தில் ஒருவருக்கு இந்த நோய் இருந்திருந்தால், மருத்துவச் சீட்டா கிடைத்திருக்கும்? கங்காணியின் வசைதான்.

2014-இல் விஷால் நடித்த 'நான் சிகப்பு மனிதன்' வந்த பிறகு நோயின் பெயர் நம்மவர் காதில் விழுந்தது. படத்தில் உணர்ச்சி மேலிட்டால் நாயகன் தூங்கிவிடுவார். உண்மையில் சிரித்து முழங்கால் மடியும்போது பெரும்பாலும் நினைவு தப்புவதில்லை. விழுந்தவருக்கு எல்லாம் கேட்கும், சுற்றி நிற்பவர்களின் கேலி உட்பட.

அழிந்த அணுக்கள் திரும்புவதில்லை. விழிப்பைக் காக்க மாத்திரைகள் உண்டு. பகலில் குறித்த நேரத்தில் 15, 20 நிமிடத் தூக்கமும் உதவும். நோய் கட்டுப்படாமல் கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போவது ஆபத்து. இரவு முழுதும் தூக்கத்தைப் பதிவுசெய்து, மறுநாள் பகல் தூக்கத்தையும் சோதித்தே டாக்டர்கள் நோயை உறுதி செய்வார்கள். அந்தக் கடிதம் கையில் இருந்தால் முதலாளியிடம் 20 நிமிடம் கேட்கலாம். இல்லாதவர் கைக்கு வருவது வார்னிங் லெட்டர்.