பூந்தமல்லி கோர்ட்டும் ஒரு கட்டுவிரியனும்

எங்க குமணன்சாவடிக்குப் பக்கத்துல, பூந்தமல்லி தனிக்கோர்ட்டுலதான் ராஜீவ் கொலை வழக்கு நடந்துச்சு. 1998 ஜனவரி 28, 26 பேருக்கும் தூக்குன்னு தீர்ப்பு. ஐதராபாத் சிசிஎம்பி நிறுவனத்தோட டி.என்.ஏ ரேகை பயன்பட்ட வழக்கு அது.

அதென்ன ரேகை? டி.என்.ஏ-ங்கறது நாலே எழுத்துல எழுதின புரோகிராம். மொத்தம் சுமார் 300 கோடி எழுத்து, அதான் ஜீனோம். அதுல புரதம் செய்யச் சொல்ற மரபணுக்கள் சுமார் 20 ஆயிரம். அந்தக் கட்டளைகள் மொத்தத்துல 2 சதவீதம்கூட வராது. மீதியில சில இடங்கள்ல ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவைங்கறது ஆளுக்கு ஆள் மாறும். ரேகை அதுதான்.

1984-ல இங்கிலாந்துல அலெக் ஜெஃப்ரீஸ் இதைக் கண்டுபிடிச்சார். நம்மூர் லால்ஜி சிங் புடிச்ச வழி வேற. கட்டுவிரியன் பாம்போட பாலினக் குரோமோசோம்ல பார்த்த தொடரை வச்சே 1988-ல இந்திய முறையை உருவாக்கினார் மனுஷன்!

1999 மே 11-ல சுப்ரீம் கோர்ட் அந்த 26 பேர்ல 19 பேரை விடுவிச்சது. இது இன்னாரோட உடல்னு டி.என்.ஏ சொல்லும் மக்களே. கூட இருந்தவன் தெரிஞ்சு உதவினானா, தெரியாம உதவினானான்னு எந்தச் செல்லுலயும் எழுதியிருக்காது.