விடுமுறைக்கு ஊருக்குப் போன கேள்வித்தாள்

மேட்டூரில் காவிரி அணையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த காலம். 1915-இன் கடைசியில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கான முதல் பேராசிரியராக வந்து இறங்கினார் கில்பர்ட் ஸ்லேட்டர். இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலங்கள் வேலிபோட்டு அடைக்கப்பட்ட கதையைப் புத்தகமாக எழுதியவர். ஆனால் இந்த மண்ணுக்கும் மொழிக்கும் புதியவர். இங்குள்ள கிராமத்தைப் பற்றி இவர் என்ன பாடம் நடத்துவது?

மாணவர்களிடமே கேட்டுவிட்டார். கேள்வித்தாளைக் கையில் கொடுத்து, விடுமுறையில் ஊருக்குப் போய்க் கணக்கெடுத்து வரச் சொன்னார். நிலம் யார் கையில், கூலி எவ்வளவு, கடன் யாரிடம்? கல்லூரி வரை படிக்க வசதியிருந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சேரியின் கஷ்டம் முழுதாகக் கண்ணில் பட்டிருக்காது. அந்தக் குறை அவர்கள் எழுதிய பக்கங்களில் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் தென்னாற்காட்டு இருவேல்பட்டு, தஞ்சை பாலக்குறிச்சி, நெல்லை கங்கைகொண்டான் என்று ஊர் ஊராகக் கணக்கு சேர்ந்தது. 1918-இல் நூலானது. சில ஆண்டுகளில் ஸ்லேட்டர் கப்பலேறிவிட்டார். கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

காவிரி முடியவிடவில்லை. 1924-இல் சென்னை மாகாணமும் மைசூரும் ஒப்பந்தம் போட்டன. மறு ஆண்டே மேட்டூரில் வேலை தொடங்கியது. ஒன்பது ஆண்டு உழைப்பில், 1934-இல், 120 அடி நீர் தேக்கும் அணை எழுந்து நின்றது. மழையை நம்பிப் பெருகியும் வற்றியும் வந்த ஆற்றுக்கு இப்போது மதகு இருந்தது. டெல்டா விவசாயி வானத்தோடு மேட்டூரையும் பார்க்கத் தொடங்கினார். அவர் வாழ்க்கை உண்மையில் மாறியதா? அதைச் சொல்ல அணைக்கு முந்தைய கணக்கு வேண்டுமே!

இருந்தது. விடுமுறையில் எழுதிய அந்தக் கணக்கு! பல்கலைக்கழகத்தின் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1930-களில் அதே ஊர்களில் மறுபடி ஆய்வு நடத்தி, 1940-இல் நூலாக்கினார்கள். டெல்டாவில் பாலக்குறிச்சிக்கு அணைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு படங்கள் கிடைத்தன. அந்த ஊர்களின் மூன்றாவது படத்தை யார் எடுப்பார்கள்?

வேலூரில் பிறந்து யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்த மால்கம் ஆதிசேஷையா பாரிஸிலிருந்து திரும்பி, 1971-இல் அடையாறு காந்திநகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கிருந்த எஸ். குஹன், ஜோன் மென்ச்சருடன் சேர்ந்து இருவேல்பட்டுக்குத் திரும்பினார். 1983-இல் கட்டுரை வந்தது. பின்னர் ஜான் ஹாரிஸும் வேறு இரண்டு ஆய்வாளர்களும் அங்கே போய், 1916 முதல் 2008 வரையிலான ஒரே ஊரின் கதையை எழுதினார்கள்.

வளர்ச்சியியல் படிக்கும் மாணவர் இன்று கைபேசியிலோ தாளிலோ கொண்டுபோகும் வீட்டுக் கேள்விப்பட்டியல், இந்தியாவில் பிறந்த தருணங்களில் ஒன்று அந்த விடுமுறைதான்.

மேட்டூரில் தண்ணீர் இறங்கும்போது பண்ணவாடி பக்கம், அணையில் மூழ்கிய ஊர்களின் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் தலைகாட்டுகின்றன. பாலக்குறிச்சிக்கு யார் வேண்டுமானாலும் திரும்பிப் போய்க் கேட்கலாம். இங்கே கதவைத் தட்ட வீடுகள் இல்லை.