விஜேந்தர் சிங்: தொழில்முறைக் குத்துச்சண்டையும் வரலாற்றில் அவரது இடமும்

விஜேந்தர் சிங் (பிறப்பு: 1985 அக்டோபர் 29) ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியக் குத்துச்சண்டை வீரர். ஹரியானா மாநிலம் பிவானி அருகே உள்ள காலுவாஸ் கிராமத்தில் பிறந்தவர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 75 கிலோ மிடில்வெயிட் பிரிவில் வெண்கலம் வென்றார். 2015-ல் தொழில்முறைக் களத்துக்குச் சென்றார். 2022 ஆகஸ்ட் வரை அங்கே 14 போட்டிகளில் மோதி 13-ல் வென்றார், ஒன்றில் தோற்றார். வெற்றிகளில் 9 நாக்அவுட் முறையில் கிடைத்தவை. இந்தியாவின் தலைசிறந்த குத்துச்சண்டை வீரர் யார் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அவர் பெயர் வருகிறது. ஆனால் அந்த 13 வெற்றிகளுக்கு எவ்வளவு மதிப்புத் தருவது என்பதில் ஆர்வலர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள்.

பெய்ஜிங்குக்கு முன்னும் பின்னும்

தந்தை ஹரியானா அரசுப் பேருந்து ஓட்டுநர். பிவானி பாக்சிங் கிளப்பில் பயிற்சியாளர் ஜகதீஷ் சிங்கிடம் விஜேந்தர் வளர்ந்தார். பின்னர் தேசிய அணியில் குர்பக்ஷ் சிங் சந்துவும் கியூபாவைச் சேர்ந்த பெர்னாண்டஸும் அவரைச் செதுக்கினார்கள். உயரமான உடல், நீண்ட கைகள், தூரத்திலிருந்தே எதிராளியை நிறுத்தி வைக்கும் நேர்குத்து ஆகியவை அவருடைய பலம். தொட்டதைப் புள்ளியாக எண்ணிய அன்றைய கணினி முறைக்கு இந்த ஆட்டம் நன்றாகப் பொருந்தியது.

பெய்ஜிங்கில் காலிறுதியில் ஈக்வடாரின் கார்லோஸ் கோங்கோராவை 9-4 என வென்றபோதே பதக்கம் உறுதியாகிவிட்டது. அரையிறுதியில் கியூபாவின் எமிலியோ கொரியாவிடம் 5-8 எனத் தோற்றார். அடுத்த ஆண்டு மிலான் ஆண்கள் உலகச் சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டியில் இந்தியர் ஒருவர் வென்ற முதல் பதக்கம் அது. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டின் இறுதிப் போட்டியில் உஸ்பெகிஸ்தானின் அப்போஸ் அட்டோயேவை 7-0 என அடக்கித் தங்கம் வென்றார். அவர் வாழ்நாளின் மிகச் சிறந்த ஆட்டம் எது என்று கேட்டால் இந்தக் கட்டுரை அந்த இறுதிப் போட்டியைத்தான் சொல்லும். அட்டோயேவ் சாதாரண எதிராளி அல்ல, உலகச் சாம்பியன். இரண்டு ஆண்டு கழித்து லண்டன் ஒலிம்பிக் காலிறுதியில் அதே அட்டோயேவ் 17-13 எனக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார். காமன்வெல்த் விளையாட்டில் 2006-லும் 2014-லும் வெள்ளி, 2010-ல் வெண்கலம் விஜேந்தருக்குக் கிடைத்தன.

தொழில்முறைக் களத்தில்

2015 ஜூனில் லண்டனின் குவீன்ஸ்பெரி புரமோஷன்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு மான்செஸ்டருக்குக் குடிபெயர்ந்து, லீ பியர்டிடம் பயிற்சி பெற்றார். எடைப்பிரிவு சூப்பர் மிடில்வெயிட். அதாவது 168 பவுண்டு, சுமார் 76.2 கிலோ. 2015 அக்டோபர் 10 அன்று மான்செஸ்டரில் சோனி வைட்டிங்கை மூன்றாவது ரவுண்டில் வீழ்த்தித் தொடங்கினார். அடுத்த ஐந்து எதிராளிகளும் முழு நேரம் தாக்குப்பிடிக்கவில்லை.

2016 ஜூலை 16 அன்று தில்லி தியாகராஜ் அரங்கில் கெர்ரி ஹோப்புடன் நடந்த பத்து ரவுண்டு போட்டிதான் அவருக்கு முதல் உண்மையான சோதனை. வேல்ஸில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஹோப், முன்பு ஐரோப்பிய மிடில்வெயிட் பட்டம் வைத்திருந்தவர். ஆறு ரவுண்டுக்கு மேல் அதுவரை போகாத விஜேந்தர் பத்து ரவுண்டும் நின்று, நடுவர்கள் மூவரின் தீர்ப்பிலும் வென்று, டபிள்யூ.பி.ஓ. ஆசிய பசிபிக் பட்டத்தைப் பெற்றார். அதே ஆண்டு டிசம்பரில் தான்சானியாவின் பிரான்சிஸ் சேகாவை மூன்றாவது ரவுண்டில் வீழ்த்தினார். 2017 ஆகஸ்டில் மும்பையில் சீன வீரர் சுல்பிகார் மைமைத்தியாலியை மிக நெருக்கமான புள்ளிக் கணக்கில் வென்று ஓரியன்டல் பட்டத்தையும் சேர்த்துக்கொண்டார். டோக்லாமில் இரு நாட்டுப் படைகளும் எதிரெதிரே நின்ற நாட்கள் அவை. எல்லையில் அமைதி வேண்டி, வென்ற பட்டத்தைத் திருப்பித் தரத் தயார் என்று ரிங்கில் நின்றே சொன்னார்.

அதன் பிறகு வேகம் குறைந்தது. 2017 டிசம்பரில் ஜெய்ப்பூரில் எர்னஸ்ட் அமுசுவை வென்ற பின் அடுத்த போட்டிக்கு 2019 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் புகழ்பெற்ற டாப் ரேங்க் நிறுவனத்தில் சேர்ந்து, நியூவார்க்கில் மைக் ஸ்னைடரை நான்காவது ரவுண்டில் முடித்தார். அதே ஆண்டு நவம்பரில் துபாயில் சார்லஸ் ஆடமுவை வென்றார். மீண்டும் பதினாறு மாத இடைவெளி. 2021 மார்ச் 19 அன்று கோவாவில், மாண்டோவி ஆற்றில் நிற்கும் மெஜஸ்டிக் பிரைட் கப்பலின் மேல்தளத்தில், ரஷ்யாவின் ஆர்ட்டிஷ் லோப்சானிடம் ஐந்தாவது ரவுண்டில் தோற்றார். லோப்சான் அவரைவிட உயரமானவர், வயதில் இளையவர், தொழில்முறை அனுபவத்திலோ மிகக் குறைந்தவர். 2022 ஆகஸ்டில் ராய்ப்பூரில் எலியாசு சுல்லியை இரண்டாவது ரவுண்டில் வீழ்த்தினார்.

யாரை வென்றார் என்ற கேள்வி

தொழில்முறைக் குத்துச்சண்டையில் உலகப் பட்டம் என்று மதிக்கப்படுபவை டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என்ற நான்கு அமைப்புகள் தருபவை. விஜேந்தர் வென்றவை அவற்றில் ஓர் அமைப்பின் வட்டாரப் பட்டங்கள். அவை தரவரிசையில் ஏற உதவும் படிகள், உச்சி அல்ல. அவர் களத்தில் இருந்த காலத்தில் சூப்பர் மிடில்வெயிட்டில் பாடு ஜாக், ஹில்பெர்ட்டோ ராமிரெஸ், காலம் ஸ்மித், கனேலோ ஆல்வரெஸ் எனப் பலர் உலகப் பட்டங்களை வைத்திருந்தார்கள். இவர்களில் ஒருவரோடும் அவர் மோதவில்லை. உலகப் பட்டத்துக்கான வாய்ப்பே வரவில்லை. ஆகவே தோல்வியே இல்லாமல் 12 வெற்றி என்று விளம்பரத்தட்டிகளில் எழுதப்பட்ட எண், அவரது உயரத்தை அளக்கப் போதாது. உலக அளவிலும் இதுதான் வழக்கம். ராக்கி மார்சியானோ 49 போட்டியிலும் தோற்காமல் ஓய்வு பெற்றார். முகமது அலி ஐந்து முறை தோற்றவர். ஆனாலும் ஹெவிவெயிட் வரிசையில் பெரும்பாலானோர் அலியைத்தான் மேலே வைக்கிறார்கள். லிஸ்டன், பிரேசியர், ஃபோர்மன் என்று அவர் எதிர்கொண்ட பெயர்களே காரணம்.

விஜேந்தரைத் தற்காத்துப் பேசுவோரின் வாதம் வேறு. அவர் போவதற்கு முன் இந்தியாவில் தொழில்முறைக் குத்துச்சண்டைக்குப் பெரிய அரங்கும் தொலைக்காட்சி நேரமும் இருந்ததில்லை. சிட்னி ஒலிம்பிக்கில் பதக்கத்தை நூலிழையில் இழந்த குர்சரண் சிங் அமெரிக்கா சென்று தொழில்முறையில் மோதியபோது நாட்டில் அதைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு. விஜேந்தருக்குத் தில்லியிலும் மும்பையிலும் கூட்டம் திரண்டது. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது அவர் திறந்துவிட்ட வழிக்கான மதிப்பு. ரிங்குக்குள் அவர் அடைந்த உயரத்தோடு அதைச் சேர்த்து எண்ணக் கூடாது.

வயதின் கணக்கு

பெய்ஜிங்கில் அவரோடு ஒரே மேடையில் நின்றவர்களைப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். அந்தப் பிரிவில் தங்கம் வென்றவர் பிரிட்டனின் ஜேம்ஸ் டிகேல். விஜேந்தரைவிட மூன்று மாதம் இளையவர். அவர் 2009-லேயே தொழில்முறைக்கு வந்தார்; ஆறு ஆண்டுகள் படிப்படியாக ஏறி, 2015 மே மாதம் பாஸ்டனில் ஆண்ட்ரே டிரெல்லை வென்று ஐ.பி.எஃப். உலகப் பட்டம் பெற்றார். விஜேந்தர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது அதற்கு அடுத்த மாதம்! முதல் போட்டியில் இறங்கியபோது முப்பது வயதை எட்ட மூன்று வாரம்கூட இல்லை. பெய்ஜிங் காலிறுதியில் அவரிடம் தோற்ற கோங்கோரா, 2020 டிசம்பரில் அலி அக்மெதோவைக் கடைசி ரவுண்டில் வீழ்த்தி ஐ.பி.ஓ. பட்டம் வென்றார். அது நான்கு பெரும் பட்டங்களுள் ஒன்றல்ல. ஆனாலும் விஜேந்தர் சேர்த்த எதையும்விடக் கனமானது.

பெய்ஜிங்கில் இரண்டு நிமிட ரவுண்டுகள் நான்கில் புள்ளி சேர்த்தவர், மூன்று நிமிட ரவுண்டுகள் பத்தில் தாக்குப்பிடிக்க உடலையும் மூச்சையும் புதிதாகப் பழக்க வேண்டும். தலைக்கவசம் இல்லை, கையுறையும் வேறு. இருபத்து மூன்று வயதில் எளிதாக நடக்கும் மாற்றம் இது. அந்த வயதில் விஜேந்தரை அமெச்சூரில் நிறுத்தி வைத்தவை ஒலிம்பிக் கனவும் ஹரியானா காவல்துறைப் பணியும், அன்று இந்தியாவில் தொழில்முறைக்கு வழி இல்லாததும்தான். திறமைக் குறைவு என்று அவரைக் குறைத்துப் பேசுவோர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. கோங்கோராவையும் அட்டோயேவையும் தெளிவாக வென்ற கைகள் அவை.

தமிழ்நாட்டிலிருந்து பார்க்கையில்

தமிழ் வாசகருக்கு இந்த விவாதத்தில் இன்னொரு கோணமும் உண்டு. வடசென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று அணி கட்டி, சீட்டு விற்று, கூட்டம் கூட்டி நடந்த ‘ரோசமான குத்துச்சண்டை’, நம் நாட்டின் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு மூத்தது. அதன் வீரர்களுக்கு முறையான வெற்றி தோல்விப் பதிவு இல்லை; ஊர்க்காரர்கள் சொல்லும் கதைகளே பெருஞ்சாட்சி. இந்தப் பரம்பரைகளின் பெயரை 2021-ல் வந்த பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படம் தமிழகமெங்கும் கொண்டுபோனது. அவர்களில் யார் பெரியவர் என்று ராயபுரத்தில் இன்றும் வாதிடலாம். தீர்த்துவைக்கக் காகிதம் இல்லை. விஜேந்தரின் ஒவ்வொரு ரவுண்டும் படமாகவே இருக்கிறது. ஆனாலும் மக்கள் நினைவில் நிற்பது பெய்ஜிங்தான். ஹோப்பையோ அமுசுவையோ பெயர் சொல்லக்கூடியவர்கள் சிலரே.

1980-ல் முகமது அலி சென்னை வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். அப்போது அவருக்கு 38 வயது. உச்ச காலம் கடந்துவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே லாரி ஹோம்ஸிடம் தோற்றார். அது சென்னைக்காரர்களின் நினைவில் எந்தக் குறையும் வைக்கவில்லை. சென்னையின் வி. தேவராஜன் 1994-ல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலமும் பின்னர் அர்ஜுனா விருதும் பெற்றவர். இந்தியக் குத்துச்சண்டையின் வரலாற்றை விஜேந்தரிலிருந்து தொடங்குவோர் அவரை மறந்துவிடுகிறார்கள். அது தவறு.

பின்வந்தவர்கள்

விஜேந்தருக்குப் பின் ஒலிம்பிக்கில் மேரி கோம் 2012-லும் லவ்லினா போர்கோஹைன் டோக்கியோவிலும் வெண்கலம் வென்றார்கள். ஆண்களில் 2024 பாரிஸ் வரை அவர் ஒருவரே. 2019 உலகச் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வென்று, மிலானில் அவர் வைத்த எல்லையை அமித் பங்கால் தாண்டினார்.

தொழில்முறையில் விகாஸ் கிருஷன் 26 வயதில், 2019 ஜனவரியில் இறங்கினார்; பிறகு டோக்கியோவுக்காக அமெச்சூருக்குத் திரும்பினார். பாரிஸில் காலிறுதி வரை சென்ற நிஷாந்த் தேவ் அடுத்த ஒலிம்பிக்குக்குக் காத்திருக்கவில்லை. 2025 ஜனவரியில், 24 வயதில், லாஸ் வேகஸில் தன் முதல் தொழில்முறைப் போட்டியை முதல் ரவுண்டிலேயே முடித்தார். விஜேந்தர் தொடங்கிய வயதை எட்ட அவருக்கு இன்னும் ஐந்தாண்டு இருந்தது.