இடிதாங்கி

செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூரில் பார்சுவநாதர் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, "கலசமே இடிதாங்கிதான் சார்" என்றார் கூட வந்தவர். மண்ணில் இறங்கும் கம்பி இல்லாத கலசம் எதைத் தாங்கும்? கம்பி இருந்தாலும் அது தாங்குவதில்லை, வாங்கி மண்ணுக்குள் விட்டுவிடுகிறது. விழுவதும் இடியல்ல, மின்னல். ஆனாலும் 'மின்னல் கடத்தி' என்ற பாடநூல் சொல் ஏனோ ஊருக்குள் நுழையவில்லை. கடத்தல் என்றால் நமக்குச் சந்தனக்கட்டைதான் நினைவுக்கு வருகிறது. 'தாங்கு' பொல்லாத சொல். சுமைதாங்கிக் கல் பாரத்தைத் தாங்கும், மாமியார் வீடு மாப்பிள்ளையைத் தாங்கும், கால் சுளுக்கியவர் தாங்கித் தாங்கி நடப்பார். இப்போது அதற்குப் புது வேலை வந்திருக்கிறது. 1962 ஜூலை 9 அன்று அமெரிக்கா 400 கிலோமீட்டர் உயரத்தில் அணுகுண்டு வெடித்தபோது, சுமார் 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் ஹவாயில் தெருவிளக்குகள் சில அணைந்தன. வெடிப்பில் கிளம்பி அவற்றை அணைத்த மின்காந்த 'பல்ஸை' ஒரு கட்டுரை 'மின்காந்த நாடி' என்று எழுதியிருந்தது. நாடி வைத்தியர் பிடித்துப் பார்ப்பது. அதில் நிகழ்வது துடிப்பு. ஆகவே மின்காந்தத் துடிப்பு. மின்னல் மைக்ரோ நொடிகளில் உச்சம் தொடும், இதன் முதல் வீச்சோ நானோ நொடிகளில். துணைமின் நிலையத்து இடிதாங்கி விழிப்பதற்குள் அது உள்ளே போய்விடும். இதைத் தடுக்கும் கருவிக்கு என்ன பெயர்? 'துடிப்புதாங்கி' என்பேன். தாங்காவிட்டாலும் பரவாயில்லை, இடிதாங்கி மட்டும் என்ன தாங்கியா விட்டது?