கண்ணகி - முருகேசனும் தமிழ் சினிமாவின் காதலும்

காதல் இல்லாமல் தமிழ் சினிமா இல்லை. ஆனால் காதலிக்கிறவர்கள் ஊரா, சேரியா என்பதை அது நெடுங்காலம் சொன்னதில்லை. பணக்காரப் பெண், ஏழைப் பையன் என்று கதையை மாற்றிச் சாதியை மறைத்துவிட்டார்கள். பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' (1981) பூணூலையும் சிலுவையையும் அறுத்தெறிந்தது. அந்தக் காதலிலும் சேரிக்கு இடமில்லை.

1997இல் சேரனின் 'பாரதி கண்ணம்மா' தலித் ஆணைக் காதலனாகக் காட்டியது. கடைசியில் கண்ணம்மாவின் சிதையிலேயே அவனையும் எரித்தது. விசுவாசமாகச் சாகும் தலித்தைத்தான் அன்றைய திரை ஏற்றுக்கொண்டது.

நிஜத்தில் யாரும் தாமாகச் சிதையில் ஏறவில்லை. பண்ருட்டி இருக்கும் இதே கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் நடந்ததை நாம் மறக்க முடியாது. முருகேசன் வேதிப் பொறியியல் படித்த தலித் இளைஞர். கண்ணகி அதே ஊரின் வன்னியர் வீட்டுப் பெண். 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8 அன்று இருவருக்கும் விஷம் செலுத்திக் கொன்று, உடல்களை எரித்தார்கள். வழக்கு 2004இல் சி.பி.ஐ.க்குப் போனது. கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது 2021 செப்டம்பரில். அவர்களில் இருவர் காவல்துறையினர். ஒருவருக்கு விதித்த தூக்கை 2022இல் உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது, இருவரை விடுவித்தது. அந்தத் தீர்ப்பை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆக, 22 ஆண்டுகள்.

கொலை நடந்த மறு ஆண்டு வந்த 'காதல்' படத்தில் காதலன் மனநிலை பிறழ்ந்து தெருவில் அலைந்தான். 2016 மார்ச்சில் உடுமலையில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் வெளியான மராத்திப் படம் 'சாய்ராட்' இருவரின் கொலையோடு முடிந்தது. உண்மையைச் சொன்ன படங்கள்தாம். ஆனால் சேரிப் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பார்த்தது தங்கள் பிணத்தைத்தான்.

ஜப்பானின் ஜிப்லி நிறுவனம் 1995இல் எடுத்த 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்' அனிமேஷன் படத்தில், நூலக அட்டையில் பார்த்த ஒரு பெயரிலிருந்து காதல் பிறக்கிறது. அவர்களுக்குத் தடை தேர்வும் பிரிவும் மட்டுமே. காதல் அந்தப் பிள்ளைகளை வளர்க்கிறது. நம் பிள்ளைகள் கேட்பதும் அவ்வளவுதான்.

'பரியேறும் பெருமாள்' (2018) நாயகன் சாகவில்லை. நிமிர்ந்து நின்று பேசினான். பா. ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) தலித் பெண்ணைக் காதலின் மையத்தில் வைத்தது. பரிதாபம் தேடாமல் மரியாதை கேட்டாள் ரெனே. தலித் பெண்ணும் காதலிப்பாள் என்பதைத் திரை சொல்ல இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

பண்ருட்டியில் எங்களிடம் வரும் இணையர்கள் சினிமா முடிவைக் கேட்பதில்லை. இன்றிரவு எங்கே தங்குவது, காவல் நிலையம் நம்மைக் காப்பாற்றுமா என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அரசு. ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று நாம் கேட்பது இதற்காகத்தான்.