துளையிடுமுன் தேடுக!

திருவரங்கத்து இராசகோபுரத்தை அண்ணாந்து பார்ப்போர் ஆயிரமாயிரம். 236 அடி என்று அளவும் சொல்வர். காவிரிக்கு இப்பால், உறையூர் மண்ணைக் குனிந்து பார்த்தோர் எத்தனை பேர்? 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக் கழகத்தார் அங்கே அகழ்ந்தனர். கறுப்பு சிவப்புப் பானையோடுகள், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள், சாயத்தொட்டி எல்லாம் வெளிப்பட்டன. சோழர் தலைநகரென்று புலவர் பாடியதற்கு மண்ணே சாட்சி கூறிற்று.

அதே திருச்சியிலிருந்து மதுரைச் சாலையில் சென்றால் மேலூர்; அதனருகே அரிட்டாபட்டி. அங்குள்ள கழிஞ்சமலைக் குகையில் கிறித்து பிறப்பதற்கு முன்பே வெட்டிய தமிழிக் கல்வெட்டு இருக்கிறது. சமணத் துறவியர்க்குக் குகையைக் கொடுத்தவன் பெயரை அது சொல்கிறது. துறவிக்குத் தூபமிடுவதற்காக நாம் அதைப் போற்றவில்லை, தோழர்களே! 2,000 ஆண்டுகளுக்கு முன்பே தமிழகம் எழுத்தறிந்திருந்தது என்று காட்டப் புராணம் வேண்டா, இந்தக் கல் போதும் என்பதற்காகப் போற்றுகிறோம்.

2022 நவம்பரில் தமிழக அரசு அங்கே 193.215 எக்டேர் நிலத்தைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமென அறிவித்தது. ஈராண்டு கழிந்தது. 2024 நவம்பர் 7 அன்று ஒன்றிய அரசு, அந்நிலத்தையும் உள்ளடக்கிய 2,015.51 எக்டேர் பரப்புக்கு நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்று பெயரிட்டு, ஏலத்தில் இந்துஸ்தான் சிங்க் நிறுவனத்தைத் தேர்ந்தது. ஏலம் முந்திற்று, கல்வெட்டு பிந்திற்று! ஊரார் கொதித்தெழுந்தனர். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் இயற்றிற்று. 2025 சனவரி 7 அன்று உழவர் மேலூரிலிருந்து மதுரைக்கு நடந்தனர். சனவரி 23 அன்று ஏலம் கைவிடப்பட்டது.

வெற்றிதான். எனினும், பெயர்ப்பலகையே இல்லாத மேட்டுக்காக யார் நடப்பர்? 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டம் பாதுகாக்கப்பட்டவையென அறிவித்த சின்னங்களைச் சுற்றித்தான் வேலியிடுகிறது. அறிவிப்புப் பெறாத முதுமக்கள் தாழிக்கு அந்த வேலி இல்லை.

"துளைதானே! ஒரு சாண் அகலம்கூட இராதே!" என்பர். துளை சிறிதே, துளைப்பொறி ஏறிச் செல்லும் பாதை சிறிதன்று. பொறியை நிறுத்த மேட்டைச் சமன்செய்கையில் மேலடுக்கு கீழடுக்கோடு கலந்துவிடும். எந்த ஓடு எந்த அடுக்கில் கிடந்தது என்பதன்றோ தொல்லியலின் உயிர்! ஆகவே முன்னதாக நிலத்தை வரிசை வரிசையாக நடந்து பார்க்க வேண்டும். ஓடுகளையும் கல்வட்டங்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். பாறை எழுத்தைப் படியெடுக்க வேண்டும். ஆடு மேய்ப்பவரைக் கேட்க வேண்டும். அவர் அறியாத குகை எந்த அதிகாரிக்குத் தெரியும்?

இது தொழிலுக்குப் பகையா? 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக்கல் குழியொன்றில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூசு பூட்டு, நிலவியல் துறை ஊழியர். கனிமம் அறிந்த கண்ணே கற்காலத்தையும் கண்டது.

தேடலும் காலத்தே நடக்க வேண்டும். ஆசுத்திரேலியாவின் சூக்கன் பள்ளத்தாக்கில் ரியோ டின்டோ நிறுவனம் குகைகளைத் தகர்க்க 2013இல் அனுமதி பெற்றது. 2014இல் அகழ்ந்தபோதுதான் 46,000 ஆண்டுப் பழமை முழுதும் விளங்கிற்று. தந்த அனுமதியைத் திருத்த அங்கிருந்த 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழியில்லை. 2020 மே 24 அன்று வெடி வைத்தனர். பின்னர் நிறுவனத் தலைவர் பதவி விலகினார், குகை திரும்பவில்லை.

கல்லக்குடியைத் திருச்சியார் மறவார். சுண்ணாம்புக்கல் வெட்ட வந்த ஆலையின் பெயரே ஊர்ப்பெயராயிற்று. 1953 சூலை 15 அன்று தோழர்கள் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தனர். இன்று இரயில் நிலையத்தின் பெயர் கல்லக்குடி பழங்காநத்தம். பெயரை மீட்டோம், சிதறிய குகையை எந்தத் தண்டவாளத்தில் படுத்து மீட்பது?

நாம் கேட்பது பெரிதன்று. ஏல அறிவிப்பு வெளிவருமுன்பே தொல்லியல் துறையார் நடந்து பார்த்து வரைந்த படமும் அறிக்கையும், ஊராட்சி அலுவலகச் சுவரில், தமிழில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.